பிளம்மர் பிளாக் மேட்டுகள் மட்டும் பிழை காட்டுவது ஏன்?

பேட்டைப் பட்டறை:
வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்காக, நெல் தூக்கும் எலிவேட்டரின் அடிப்பகுதியை சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் வரைந்து வருகிறேன். வீட்டுக் கணினியில் ஒரு குறையும் இல்லாதிருந்த அசெம்ப்ளியை (தனித்தனிப் பார்ட்டுகளை ஒன்றுசேர்த்த கோப்பு) ஃபோல்டரோடு பென்டிரைவில் எடுத்துவந்து பட்டறைக் கணினியில் திறந்ததும், இரு பக்க பிளம்மர் பிளாக்குகளின் (ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் கூடுகள்) மேட்டுகளும் (பார்ட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தும் நிபந்தனைகள்) 'ஓவர் டிஃபைன்டு', அதாவது நிபந்தனைகள் மோதுகின்றன என்று சிவந்துவிட்டன. பிளாக்குகள் உட்காரும் தட்டுக்கு மேலே நான் அமைத்த பிளேனில் (கற்பனைத் தளம்) ஷாஃப்ட்டின் அச்சைப் பொருத்தியிருந்தேன். அந்த மேட்டை சப்ரஸ் செய்தால் (தற்காலிகமாக முடக்கினால்) சிவப்பு மறைகிறது, ஆனால் ஷாஃப்ட் 6.4 மி.மீ. மேலே ஏறிவிடுகிறது. பிளாக்கின் போல்ட் துளைகளும் தட்டின் துளைகளிலிருந்து இருபுறமும் 8 மி.மீ. வெளியே தள்ளி நிற்கின்றன. எந்த அளவையும் நான் தொடவில்லை. பிசான நெல் வரத்துக்கு முன் இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும்.

வரைகோல்:
எல்லா மேட்டுகளையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

கருங்குளத்தான்:
அண்ணாச்சி, தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம். சேவ் செய்யவும் வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது. பிளம்மர் பிளாக் அளவுகளில் யூ.சி.பி. 205-இன் மைய உயரம் 36.5 மி.மீ., 206-க்கு 42.9, வித்தியாசம் 6.4. போல்ட் துளைகளின் இடைவெளி முன்னதில் 105, பின்னதில் 121, பக்கத்துக்கு 8. ஆகவே நீங்கள் வரைந்தது 205, இப்போது அசெம்ப்ளிக்குள் உட்கார்ந்திருப்பது 206. செக்‌ஷன் வியூவில் (வெட்டுத் தோற்றம்) பாருங்கள்: 206-இன் துளை 30 மி.மீ. என்பதால் 25 மி.மீ. ஷாஃப்ட்டைச் சுற்றி 2.5 மி.மீ. இடைவெளி தெரியும். கான்சென்ட்ரிக் மேட் மையக்கோட்டை மட்டுமே பார்க்கும், விட்டத்தைப் பார்க்காது என்பதால் அங்கே பிழை வரவில்லை. நீங்கள் சப்ரஸ் செய்த அந்த மேட் ஒன்றுதான் உண்மையைச் சொன்னது.

ஒரே பெயருள்ள பார்ட் ஒன்று ஏற்கெனவே திறந்திருந்தால், அது எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று பாராமல் சாலிட்வொர்க்ஸ் அதையே எடுத்துக்கொள்ளும். வேறு வேலை ஏதும் அப்போது திறந்திருந்ததா? அந்த 206 உங்கள் 205-இலிருந்தே 'சேவ் ஆஸ்' செய்து அளவு மாற்றப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தனியாக வரைந்த பார்ட் என்றால் மேட்டுகள் தங்கள் முகங்களையே இழந்திருக்கும். உங்களுக்கு அவை இழக்காமல் மோதிக்கொள்கின்றன. அசெம்ப்ளி எந்தெந்தக் கோப்புகளை எடுக்கிறது என்று காட்டும் 'ஃபைண்ட் ரெஃபரன்சஸ்' பட்டியலில் முழுப் பாதையைப் பாருங்கள்.

பேட்டைப் பட்டறை:
நீங்கள் சொன்னபடியே இருக்கிறது, அண்ணாச்சி. கல் நீக்கும் இயந்திரம் ஒன்றின் அசெம்ப்ளி திறந்திருந்தது. சென்ற ஆண்டு நானே 'சேவ் ஆஸ்' செய்த பிளாக், ஃபோல்டர் வேறு என்ற தைரியத்தில் பழைய பெயரிலேயே அதில் கிடக்கிறது. உங்கள் பதிலைக் காண்பதற்கு முன்பே ஒரு முறை சேவ் செய்துவிட்டேன். இப்போது அனைத்தையும் மூடிவிட்டுத் திறந்தாலும் 206 தான் வருகிறது.

கருங்குளத்தான்:
சேவ் செய்தபோது புதிய பாதை பதிந்துவிட்டது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் மூடிவிட்டு, 'ஓப்பன்' பெட்டியில் அசெம்ப்ளியைத் தேர்ந்தெடுத்து, திறப்பதற்கு முன் 'ரெஃபரன்சஸ்' பொத்தானை அழுத்தி 205 உள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள். பிறகு பெயரை மாற்றுங்கள். ஆனால் விண்டோஸ் ஃபோல்டரில் நேரடியாக மாற்றினால் அசெம்ப்ளி அந்தப் பார்ட்டைத் தேடித் திணறும். அசெம்ப்ளியை அதன் எல்லாக் கோப்புகளோடும் நகலெடுக்கும் 'பேக் அண்ட் கோ'வில் வேலை எண்ணை முன்னொட்டாகச் சேர்த்தால் எல்லாப் பெயர்களும் இணைப்போடு சேர்ந்து மாறும். டூல்பாக்ஸ் (மென்பொருளோடு வரும் ஆயத்த உறுப்புத் தொகுப்பு) போல்ட்டுகளையும் சேர்ப்பதற்கான கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள். இல்லையேல் அடுத்த கணினியில் எம்12 போல்ட் உலக்கையளவுக்கு வந்து நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பேட்டைப் பட்டறை:
205 திரும்ப வந்துவிட்டது. சப்ரஸ் செய்த மேட்டை மறுபடி இயக்கினேன். சிவப்பு இல்லை, துளைகளும் பொருந்துகின்றன. இன்று மாலை தட்டை வெட்டக் கொடுக்கிறேன்.