எச்7-இல் கொடுத்த அமைச்சர்: என்ஜின் பிழை என்றால் அது பிழைதானா?

மாங்குளத்தான்

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர மாணவன். சென்ற கிழமை கிளிநொச்சியில் நடந்த பாடசாலைச் செஸ் போட்டியொன்றில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றி இங்கே கேட்க விரும்புகிறேன்.

எதிராளி கோட்டை கட்டி (காஸ்லிங் செய்து) ராஜாவை ஜி8-இல் வைத்திருந்தார். அவருடைய குதிரைகள் சி6-இலும் டி7-இலும், ராணி டி8-இலும், ஓர் அமைச்சர் (பிஷப்) பி4-இலும் நின்றன. என் சிப்பாய்கள் டி4-இலும் இ5-இலும், அமைச்சர் டி3-இலும், குதிரை எஃப்3-இலும் நின்றன. சி1-இல் இருந்த மற்ற அமைச்சருக்கு எச்6 வரை வழி திறந்திருந்தது. 14ஆவது நகர்வில் அமைச்சரைக் கொடுத்து எச்7 சிப்பாயை வெட்டினேன். ராஜா அமைச்சரை வெட்டியதும் குதிரையை ஜி5-க்குப் பாய்ச்சி செக் வைத்தேன். ராஜா ஜி6-க்கு ஏறியது. ராணியை ஜி4-க்குக் கொண்டுவந்தேன். அவர் எஃப்5 தள்ளினார், நான் ராணியை ஜி3-க்கு எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் ராஜாவை எச்6-க்கு நகர்த்த, என் குதிரை இ6 சிப்பாயை வெட்டியது. சி1 அமைச்சரின் செக் திறந்துகொண்டது, அவருடைய ராணி விழுந்தது. ஆட்டம் எனக்கு.

வீட்டுக்கு வந்து கைபேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரலிடம், அதாவது என்ஜினிடம், கொடுத்துப் பார்த்தேன். நான் பெருமைப்பட்ட 14ஆவது நகர்வுக்குப் பெரும் பிழைக்கான இரண்டு கேள்விக்குறிகள் போட்டு, மதிப்பு -1.6, அதாவது கறுப்புக்கு நன்மை, என்று காட்டுகிறது. வென்ற ஆட்டம் திடீரென்று என்னுடையது இல்லை என்பது போல இருக்கிறது. அந்தத் தியாகம் உண்மையிலேயே பிழையா?

பரந்தன் ஆசிரியர்

தம்பி, பிழைதான். அதை இப்போதே ஒப்புக்கொள்வது உங்களுக்கு நல்லது.

எச்7-இல் அமைச்சரைக் கொடுக்கும் இந்தத் தாக்குதலை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான கிரேக்கோ எழுதி வைத்துவிட்டார். அப்போதிருந்தே இதற்கான முதற் கேள்வி, ராஜா ஜி6-க்கு ஏறினால் என்ன செய்வது என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் காயைக் கொடுப்பவர் தாக்கவில்லை; எதிராளி தடுமாறுவார் என்று காத்திருக்கிறார். வலய மட்டத்தில் அவர் தடுமாறினார். மாகாண மட்டத்தில் அதே இடத்தில் இருப்பவர் தடுமாற மாட்டார், நீங்கள் ஓர் அமைச்சர் குறைவாக அடுத்த இரண்டு மணித்தியாலத்தையும் கழிப்பீர்கள். பதினைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் செஸ் பழக்குகிறேன். தோற்ற ஆட்டங்கள் அவர்களுக்குச் செய்த தீங்கைவிட, பிழையான தியாகத்தில் வென்ற ஆட்டங்கள் செய்த தீங்கு அதிகம் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முத்தையன்கட்டு விவசாயி

ஆசிரியரின் அனுபவத்துக்கு மதிப்பளித்தே மறுக்கிறேன். 1960-இல் மாஸ்கோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் மிகையில் தால் 21ஆவது நகர்வாகக் குதிரையை எஃப்4-இல் கொண்டுபோய்க் கொடுத்தார். மண்டபத்தில் எழுந்த ஆரவாரத்தில் ஆட்டத்தையே பின்னால் இருந்த அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தத் தியாகத்தில் ஓட்டை இருந்ததாகப் பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் மணிக்கூடு ஓட, மேசைக்கு எதிரே இருந்த அப்போதைய சாம்பியன் பொட்வின்னிக் அந்த ஓட்டையைக் காணவில்லை. தால் அந்த ஆட்டத்தையும் வென்றார், பட்டத்தையும் வென்றார்.

1999-இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் தொபலோவுக்கு எதிராகக் காஸ்பரோவ் 24ஆவது நகர்வில் டி4-இல் கோட்டையைக் கொடுத்த ஆட்டமும் அப்படித்தான். தொபலோவ் அந்தக் கோட்டையை வெட்டாமல் ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் கறுப்புக்கே நன்மை என்று இன்றைய என்ஜின்கள் காட்டுகின்றன. அதற்காக அந்த ஆட்டத்தைப் பிழை என்று யாராவது ஒதுக்கி வைத்திருக்கிறார்களா? தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஒரே நிலையை மூன்று இரவு பார்த்திருக்கிறோம். மண்ணெண்ணெய் விலையில் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு செலவு இருந்தது. விடையைச் சொல்ல எவரும் இல்லாததால் அந்த நிலை எங்களுக்குள் இறங்கியது. தம்பி, உங்கள் ஆட்டத்தை ஓர் எண்ணிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பரந்தன் ஆசிரியர்

ஐயா, தாலையும் காஸ்பரோவையும் துணைக்கு அழைப்பது பொருந்தாது. காஸ்பரோவ் அந்தக் கோட்டையைக் கொடுக்கும்போது, அது வெட்டப்பட்டால் தொபலோவின் ராஜாவைப் பலகையின் மறுபக்கம் வரை துரத்தும் வழியில் மிகப் பெரும் பகுதியைத் தலைக்குள் கணக்கிட்டு முடித்திருந்தார். நம் தம்பி எவ்வளவு கணக்கிட்டார்? அதை அவரே சொல்லட்டும்.

மாங்குளத்தான்

உண்மையைச் சொல்கிறேன், சேர். ஏழு நிமிடம் யோசித்தேன். யோசித்ததெல்லாம் ராஜா ஜி8-க்குத் திரும்பும் வழியை மட்டுமே: ராணி எச்5, அவர் கோட்டையை இ8-க்கு எடுப்பார், எஃப்7-இல் வெட்டி செக், ராஜா எச்8, மீண்டும் எச்5-இல் செக், ராஜா ஜி8, எச்7-இல் செக், எச்8-இல் செக், ராஜா இ7-க்கு ஓடியதும் ஜி7-இல் மேட். அதை முடிவு வரை கண்டேன். அவர் ராஜாவை ஜி6-க்குத் தூக்கியபோது என் கை குளிர்ந்துவிட்டது.

வவுனியா நிரலாளர்

இரண்டு பக்கத்தினரும் என்ஜினின் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த எண் எப்படி வந்தது என்பதை இன்னும் எவரும் பார்க்கவில்லை. தொழிலால் நான் நிரல் எழுதுபவள், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவதாக, -1.6 என்பதை ஒன்றரைச் சிப்பாய் நட்டம் என்று வாசிக்கக் கூடாது. 2022 இறுதியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1-இலிருந்து அந்த அளவுகோல் சிப்பாயின் பெறுமதியோடு கட்டப்பட்டதல்ல. என்ஜின் தன்னோடு தானே ஆடும்போது வெல்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நிலையே 1.00 என்று வகுக்கப்பட்டிருக்கிறது. தன்னோடு தானே என்பதைக் கவனியுங்கள். எச்6-க்கு ராஜாவை நகர்த்திய அந்த மாணவன் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

இரண்டாவதாக, என்ஜின் எல்லா நகர்வுகளையும் ஒரே ஆழத்துக்கு, அதாவது ஒரே அளவு நகர்வுகள் முன்னோக்கி, பார்ப்பதில்லை. முதற் பார்வையில் பயனற்றவையாகத் தெரியும் கிளைகளை வெட்டிவிடுகிறது, பட்டியலில் பின்னால் வரும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்துக்கே தேடுகிறது. காய் கொடுத்தபின் வரும், செக்கும் வெட்டும் இல்லாத ஓர் அமைதியான நகர்வு முதலில் பின்வரிசையில்தான் நிற்கும். ஆழம் கூடும்போதுதான் அது முன்னுக்கு வரும். தம்பியின் கைபேசி, நம் வெயிலில் சூடேறி, பெரும்பாலும் 20ஆவது ஆழத்தைத் தாண்டும் முன் நின்றிருக்கும்.

ஆகவே நேற்றிரவு ராஜா ஜி6-க்கு வந்த நிலையை என் மேசைக்கணினியில் வைத்து, ஒரே வழியைக் காட்டாமல் மூன்று வழிகளை அருகருகே காட்டும்படி அமைத்து, விடியும்வரை ஓடவிட்டேன். இந்த நிலையில் வெள்ளைக்கு வழக்கமாக மூன்று தொடர்ச்சிகள் உண்டு: ராணி ஜி4, ராணி டி3-இல் செக், எச் சிப்பாயை எச்4-க்குத் தள்ளுவது. 22ஆவது ஆழத்தில் மூன்றும் கறுப்புக்கே சாதகமாக இருந்தன. 30ஐத் தாண்டியதும் எச்4 மட்டும் ஏறத் தொடங்கியது. 40ஆவது ஆழத்தில் ராணி ஜி4 -1.5, எச்4 -0.2. அதாவது, 14ஆவது நகர்வுக்குக் கைபேசி போட்ட இரண்டு கேள்விக்குறிகளும் போய்ச் சேர வேண்டிய இடம் 16ஆவது நகர்வு. தியாகம் ஏறக்குறைய சமநிலை. தம்பி, நீங்கள் வெற்றிக்கு வழி என்று எண்ணிய ராணி ஜி4 தான் பிழை.

ராணி ஜி4-க்கு எதிராகவும் கறுப்புக்கு வழி அகலமாக இல்லை. எஃப்5 தள்ள வேண்டும். ராணி ஜி3-க்கு வந்ததும், இ6-இல் வெட்டப்போகும் குதிரை கோட்டையைத் தின்றாலும் தின்னட்டும் என்று விட்டுவிட்டு, ராணியை மட்டும் இ7-க்கு விலக்க வேண்டும். ஏனைய நகர்வுகள் எல்லாம் தோற்கின்றன. எண்ணைவிட இந்தக் கேள்வியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்: எதிராளி தப்புவதற்கு எத்தனை ஒற்றை வழி நகர்வுகளைத் தொடர்ந்து கண்டுபிடிக்க வேண்டும், அவற்றில் மனிதக் கண்ணுக்கு இயல்பாகப் படாதவை எத்தனை?

முத்தையன்கட்டு விவசாயி

பிள்ளை, நன்றி. எச்4! எதிராளியின் ராஜா நடுவெளியில் நிற்க, செக் வைக்காமல் ஒரு சிப்பாயைத் தள்ளுவதா என்று முதலில் நம்பவில்லை. பலகையை எடுத்து வைத்துப் பார்த்தேன். எச்5-இல் அடுத்த செக் வரப்போகிறது. குதிரைக்கும் இப்போது சிப்பாய்க் காவல் இருக்கிறது. என்ஜினைப் பற்றி நான் மேலே எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றை விடமாட்டேன்: இரவு முழுதும் ஓடவிட்டுத்தான் அது இதைச் சொன்னது. முதல் நிமிடத்தில் அது சொன்னதை நம்பியிருந்தால் தம்பி இந்தத் தாக்குதலையே கைவிட்டிருப்பார்.

பரந்தன் ஆசிரியர்

ஆராய்ச்சியை ஏற்கிறேன். தியாகத்துக்கு இரண்டு கேள்விக்குறி போட்டது தவறு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் என் கவலை அப்படியே நிற்கிறது. எச்4-ஐத் தம்பி காணவில்லை, ஜி6-ஐயும் காணவில்லை. தியாகம் சரியாக அமைந்தது தற்செயல். அவரைத் திருத்த வேண்டிய இடம் அதுதான். அத்தோடு, ஒற்றை வழி நகர்வுகளை எண்ணச் சொன்ன தங்கச்சியின் அளவுகோல் எனக்கு அரைகுறையாகவே படுகிறது: எஃப்5 எந்த மாணவனும் காணக்கூடிய நகர்வு. கடினமானது ராணி இ7 ஒன்றே.

இனி என் மாணவர்களுக்கு ஒரு விதி வைக்கப்போகிறேன். ஆட்டம் முடிந்ததும் கைபேசியைத் தொடுவதற்கு முன், எந்தெந்த இடத்தில் என்ன நினைத்தார்கள், எதைக் காணவில்லை என்பதைக் குறிப்புத்தாளின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். என்ஜின் அதற்குப் பிறகு.

மாங்குளத்தான்

சேர், அதை நேற்றே செய்துவிட்டேன். 14ஆவது நகர்வுக்கு எதிரே "ஜி6 காணவில்லை" என்று எழுதினேன். பிறகு நிரலாளர் அக்கா கேட்ட கேள்விக்கு விடை தேட, பலகையைத் திருப்பி, கறுப்புக்கு நான் இருந்து, என் தம்பியை வெள்ளைக்கு இருத்தி ஐந்து நிமிடக் கடிகாரத்தில் ஆறு தடவை ஆடினோம். என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும், ராணி ஜி3-க்கு வந்ததும் கோட்டையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு தடவை கோட்டையை நகர்த்தி ராணியை இழந்தேன். எச்4 வந்த ஆட்டங்களில் மூன்றில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

பரந்தன் ஆசிரியர்

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பரந்தன் சனசமூக நிலையத்துக்குப் பலகையோடு வாருங்கள். எச்4-க்குப் பிறகு கறுப்புக்கு நான் இருக்கிறேன். ஐயாவும் வந்தால் வெள்ளைக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து யோசிக்கலாம். கைபேசிகள் மூன்றும் அலுமாரிக்குள் இருக்கும்.

முத்தையன்கட்டு விவசாயி

வயலில் தண்ணீர் திறக்கும் வேலை மூன்று மணிக்கு முடியும். நான்கரைக்கு அங்கே நிற்பேன்.