ரிசீவர் லோகோவிலேயே நிற்கிறதா? உங்கள் பெட்டியில் எது காரணம் என்று சொல்லுங்கள்

லினக்ஸில் ஓடும் எனிக்மா2 (திரை, மெனு, ரிமோட்டைக் கவனிக்கும் மென்பொருள்) சாட்டிலைட் ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எப்போதாவது வந்திருக்கும். புதிதில் சட்டென்று படம் வரும். நாளாக ஆக, ஸ்விட்சைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தாலும் திரையில் லோகோ மட்டும்தான். யாரைக் கேட்டாலும் "இமேஜை மறுபடி ஃபிளாஷ் பண்ணு" என்பார்கள், அதாவது பெட்டியின் மொத்த மென்பொருளையும் புதிதாக ஏற்றச் சொல்வார்கள். எனக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. ஃபிளாஷ் செய்தால் வேகம் வரும்தான். பழைய செட்டிங்ஸ் பேக்கப்பைப் போட்டதும் நோயும் கூடவே திரும்பிவிடும்.

நான் பார்த்த விதம் இது. லோகோ நிற்கும்போதே கம்ப்யூட்டரிலிருந்து பெட்டியை பிங் செய்தேன், அதாவது நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். பதில் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்தே பெட்டிக்குக் கட்டளை கொடுக்க உதவும் டெல்நெட் போட்டால் உள்ளே விடவில்லை. ஆக, லினக்ஸின் மையமான கர்னல் எழுந்துவிட்டது, நெட்வொர்க்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வரிசையாக ஓட வேண்டிய தொடக்க ஸ்கிரிப்ட்களில் ஏதோ ஒன்று வழியை மறிக்கிறது. ஒருவழியாகப் படம் வந்ததும் எந்தெந்த டிஸ்க், ஃபோல்டர்களை இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் (fstab) கோப்பைத் திறந்தேன். எப்போதோ கழற்றிப் போட்ட பழைய கம்ப்யூட்டரின் ஐபி முகவரிக்கு ஒரு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபோல்டர் பகிர்வு) வரி அங்கேயே இருந்தது. என்எஃப்எஸ் மவுண்டுக்கு (இணைப்புக்கு) நாம் எதுவும் சொல்லாமல் விட்டால், பதில் தராத சர்வரை 2 நிமிடம் வரை தட்டிக்கொண்டே இருக்கும். அந்த வரி வேலை செய்யாதபடி அதன் முன்னால் ஒரு # போட்டேன், தொல்லை தீர்ந்தது. இப்போதுள்ள நெட்வொர்க் ஃபோல்டர்களை ஆட்டோஎஃப்எஸ் வழியாக வைத்திருக்கிறேன். அந்த ஃபோல்டரைத் திறந்தால்தான் அது சர்வரைத் தேடும், பூட் ஆகும்போது தொந்தரவு செய்யாது.

பிங் இல்லை என்றால் கர்னல் அல்லது ஹார்ட்வேர். பிங் உண்டு, டெல்நெட் இல்லை என்றால் ஸ்கிரிப்ட். டெல்நெட் திறந்தும் லோகோ நகரவில்லை என்றால் எனிக்மா2. இமேஜுக்கு இமேஜ் கொஞ்சம் மாறும். உங்களுக்கு எங்கே நின்றது?

*

பிங் இல்லை என்றதும் கர்னல் மேல் பழி போட்டுவிடாதீர்கள் நண்பரே. கரண்ட் போய் வந்தால் ரிசீவரும் ரவுட்டரும் ஒன்றாக எழுகின்றன. ரவுட்டர் தயாராகும் முன்பே ரிசீவர் ஐபி முகவரி கேட்க ஆரம்பித்துவிடும். அப்படிக் கேட்கும் நிரலான யூடிஹெச்சிபிசி (udhcpc) சாதாரணமாக 3 முறை, 3 நொடி இடைவெளியில் கேட்கும். அதிலேயே 9 நொடி போச்சு. வைஃபை டாங்கிள் என்றால் இன்னும் மோசம். நான் நிலையான ஐபி கொடுத்துவிட்டேன், அதோடு சரி.

*

எனக்கு மூன்றாவது வகை. டெல்நெட் உடனே திறந்தது, லோகோ அசையவில்லை. அப்படியானால் கூடுதலாக நிறுவும் சிறு நிரல்களான பிளக்-இன்களைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் எனிக்மா2 எழும்போது நிறுவியிருக்கும் பிளக்-இன்கள் எல்லாவற்றையும் பைத்தானில் ஒவ்வொன்றாக ஏற்றுகிறது.

எது என்று கண்டுபிடிக்க நல்ல வழி: டெல்நெட்டில் 'இனிட் 4' கொடுத்தால் எனிக்மா2 மட்டும் நிற்கும், லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அதே ஜன்னலில் எனிக்மா2 என்று கையால் தட்டிக் கிளப்புங்கள். அது செய்வதெல்லாம் வரி வரியாக ஓடும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். என் பெட்டியில் சரசரவென்று ஓடிய வரிகள் ஓரிடத்தில் அப்படியே உறைந்து நின்றன. கடைசி வரியில் ஒரு வானிலை பிளக்-இன்னின் பெயர். தொடங்கியதுமே ஏதோ ஒரு தளத்தில் தகவல் கேட்கிறது, அந்தத் தளமோ பதில் சொல்வதே இல்லை. எனிக்மா2-வில் திரை, ரிமோட் எல்லாம் ஒரே முதன்மைச் சுழலில் ஓடுவதால், ஒரு பிளக்-இன் பதிலுக்காக உட்கார்ந்துவிட்டால் மொத்தப் பெட்டியும் சேர்ந்து உட்காரும். எழுதியவர் நேர வரம்பு வைக்காமல் விட்டிருக்கிறார். இப்படி எழுதப்பட்ட பிளக்-இன்கள் நிறைய இருக்கின்றன என்பது என் கருத்து.

எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரிலிருந்து அதை மட்டும் வெளியே நகர்த்திவிட்டு, எனிக்மா2-வை மறுபடி கிளப்ப 'இனிட் 3' கொடுத்தேன். பழைய வேகம் வந்தது.

*

ஹார்ட் டிஸ்கை யாரும் சொல்லவில்லையே. என் பெட்டியில் பிங் வரவே நேரம் எடுத்தது. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் கர்னல் தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். செய்திகளைப் படிக்கக்கூட வேண்டாம், அந்த எண்களை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தாலே போதும். எனக்கு ஒற்றை இலக்கத்தில் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று நாற்பதுக்கு மேல் தாவியது. அந்த இடத்தில் டிஸ்கின் சாட்டா இணைப்பு மெதுவாகப் பதில் தருகிறது, பொறுமையாக இருங்கள் என்று கர்னலே எழுதி வைத்திருந்தது! டிஸ்கைக் கழற்றிவிட்டுப் போட்டேன், பெட்டி உடனே எழுந்தது. பதிவுகளை வேறு டிஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டேன்.

*

டிஸ்க் நன்றாக இருந்தும் மெதுவாகலாம். டீப் ஸ்டாண்ட்பையிலிருந்து (பிளக்கில் இருந்தபடியே கிட்டத்தட்ட முழுதும் அணைந்த நிலை) எழுப்பினால் வேகம், பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் மட்டும் தாமதம் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பல ரிசீவர்களில் நேரத்துக்கென்று பேட்டரி கிடையாது. டீப் ஸ்டாண்ட்பையில் முன்பக்கச் சிப் நேரத்தை வைத்துக்கொள்ளும், டைமர் ரெக்கார்டிங்குக்கு எழ வேண்டுமே. கரண்ட் அடியோடு போனால் அதுவும் போய், பெட்டி 1970 ஜனவரி 1-இல் கண் விழிக்கும். அப்போது டிஸ்கைச் சோதிக்கும் ஈ2எஃப்எஸ்சிகே, இந்த டிஸ்க் எதிர்காலத்தில் மவுண்ட் ஆகியிருக்கிறதே என்று குழம்பி முழுச் சோதனையில் இறங்கிவிடும். பெரிய டிஸ்க் என்றால் நல்ல காத்திருப்பு. சரியான நேரம் சாட்டிலைட் சிக்னலிலிருந்தோ, இணைய நேரச் சேவையான என்டிபி-யிலிருந்தோ அதற்கு அப்புறம்தான் வரும்.

ஈ2எஃப்எஸ்சிகே-யின் கான்ஃப் கோப்பில், ஆப்ஷன்ஸ் பகுதியில், புரோக்கன்_சிஸ்டம்_கிளாக் என்பதற்கு 1 கொடுங்கள். அதன்பின் நேரத்தை வைத்து அது சண்டை போடாது.

*

நிகழ்ச்சி அட்டவணை வைத்திருக்கும் இபிஜி.டேட் கோப்பையும் ஒரு பார்வை பாருங்கள். பல சாட்டிலைட்டுகள் பிடிப்பவர்களுக்கு அது ஊதிப்போகும். மெதுவான பென் டிரைவில் இருந்தால் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் தெரியும். 'இனிட் 4' கொடுத்து நிறுத்திவிட்டு அழியுங்கள். ஓடும்போது அழித்தால் மூடும் நேரத்தில் மறுபடி எழுதிவிடும். தகவல் தானாகத் திரும்பச் சேரும்.

*

எனக்கு இது எதுவுமே இல்லை. பெட்டி நேரத்துக்கு எழுகிறது, மெனு வருகிறது, படம்தான் வரவில்லை. காரணம் மோட்டார் டிஷ். ராத்திரி கடைசியாகப் பார்த்தது கிழக்குக் கோடி சாட்டிலைட், இடையில் வீட்டில் யாராவது டிஷ்ஷை மேற்கே திருப்பியிருப்பார்கள். காலையில் பெட்டி கடைசி சேனலைத் தேடி டிஷ்ஷை முழுக்கத் திருப்புகிறது. 13 வோல்ட்டில் மோட்டார் 18 வோல்ட்டை விட மெதுவாக நகரும் என்பதால் இன்னும் இழுக்கும். சேனல் பட்டியலின் மெனுவில் தொடக்கச் சேனலை நாமே குறிக்கும் வசதி இருக்கிறது. நான் அதைப் போட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள் ஒரே மோட்டாரைப் பங்கிடுகின்றன, மற்ற பெட்டி திருப்பி வைத்தால் இது பலிக்காது. அதற்கு யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.