மறு: ஆன்சிபிள் கையேட்டில் லூப்: சுழற்சியா, மடக்கா?

வணக்கம். பல கணினிகளைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் கருவியின் கையேட்டுத் தமிழாக்கத்தில், ஒரே பணியைப் பட்டியலிலுள்ள ஒவ்வொன்றுக்கும் திரும்பச் செய்யும் லூப்புக்கு எந்தச் சொல் என்பதே கேள்வி.

> சுழற்சி என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் பழகிய சொல்.

பழகிய சொல்தான். ஆனால் பதிவுக் கோப்புகள் பெருத்துவிடாமல் மாற்றிவைக்கும் லாக்ரொட்டேட் பற்றிய பகுதியில் அது 'பதிவுச் சுழற்சி' என்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பத்துப் பதிவுக் கோப்புகளுக்கு அதை அமைக்கும் பணியை எழுதினால் 'பதிவுச் சுழற்சிக்கான சுழற்சி' என்று வரும். படிப்பவர் தலை சுற்றும். வளையம் என்ற சொல் 'ரிங்' என்ற பிணைய வடிவத்துக்குப் போய்விட்டது. என் வாக்கு மடக்குக்கு. மடக்கணியில் சொல் அப்படியே திரும்ப வரும், பொருள் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். இங்கேயும் பணி ஒன்றுதான். ஐட்டம் என்ற மாறியின் மதிப்புதான் ஒவ்வொரு முறையும் வேறு.

ஆனால் ஒரு சொல்லோடு வேலை முடியாது. முழுவதற்கும் மடக்கு, அதில் ஒரு நடைக்குச் சுற்று, நிபந்தனை நிறைவேறும்வரை திரும்பச் செய்யச் சொல்லும் அன்டில் வரியால் நடப்பதற்கு மறுமுயற்சி என மூன்றும் தனித்தனியே வேண்டும். லூப், அன்டில் இரண்டையும் ஒரே பணியில் வைக்கலாம் என்பதே காரணம். மூன்று சேவைகள் எழுந்துவிட்டனவா என்று பார்க்கும் பணியில் இரண்டாவது சேவை தாமதித்தால், அந்த உருப்படியைத்தான் ஆன்சிபிள் திரும்பத் திரும்பச் சோதிக்கும், மூன்றாவது காத்திருக்கும். ரீட்ரைஸ், டிலே இரண்டையும் எழுதாமல் விட்டால் 3 மறுமுயற்சி, இடைவெளி 5 நொடி. 'இரண்டாம் சுற்று, முதல் மறுமுயற்சி' என்று எழுதினால் குழப்பமில்லை. இரண்டையும் சுழற்சி என்றால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

———

> என் வாக்கு மடக்குக்கு

மடக்கை என்று லாகரிதத்தைச் சொல்கிறோமே, இடிக்காதா? இரண்டாம் வேற்றுமையில் மடக்கும் 'மடக்கை' என்றே வரும், மற்ற உருபுகள் ஏறினால் மடக்கின், மடக்கையின் என்று பிரிந்துவிடும். கையேட்டில் லாகரிதத்துக்கு வேலையும் இல்லை. ஆகவே நான் தடுக்கவில்லை. சுற்று, மறுமுயற்சி இரண்டும் சரி.

லூப்புக்கு முந்தைய பழைய வடிவமான வித்_ஐட்டம்ஸ் வரியை லூப் ஆக மாற்றும் பகுதியில் இன்னொரு சொல் தேவைப்படும். லூப் என்ற திறவுச்சொல் 2.5 பதிப்பில்தான் வந்தது. பழைய பணிகளை மாற்றுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் வித்_ஐட்டம்ஸ் ஒரு அடுக்கை அதுவாகவே பிரித்துப்போடும். லூப் பிரிக்காது, உள்பட்டியல் முழுவதையும் ஒரே உருப்படியாகக் கொடுக்கும். பழைய நடத்தை வேண்டுமென்றால் ஃப்ளாட்டன் வடிகட்டியை 1 என்ற அளவோடு சேர்க்க வேண்டும். இதற்குத் 'தட்டையாக்கல்' என்பதைவிட 'அடுக்குப் பிரித்தல்' மேல். எத்தனை அடுக்கு என்ற கேள்வியும் அதிலேயே வந்துவிடுகிறது.

———

அடுக்குப் பிரித்தல் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்வோம்.

> உருப்படி

இதில் ஒரு சிக்கல். வேறு கோப்பிலுள்ள பணிகளை அழைக்கும் இன்க்ளூட்_டாஸ்க்ஸ் மேல் ஒரு மடக்கு, அது அழைக்கும் கோப்புக்குள் இன்னொரு மடக்கு என்றால் இரண்டுமே ஐட்டம் என்ற பெயரைத்தான் பிடிக்கும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மறைத்துவிடும். ஆன்சிபிள் எச்சரிக்கை காட்டினாலும் ஓட்டம் நிற்காது. தவறான மதிப்போடு பணி நடந்து முடிந்திருக்கும். வெளி மடக்கின் லூப்_கன்ட்ரோல் பகுதியில் லூப்_வார் எழுதி வேறு பெயர் கொடுப்பதே தீர்வு. எனவே பொதுக் கருத்துக்கு உருப்படி, மாறியின் பெயராக வரும் இடத்தில் ஐட்டம் என்று அப்படியே விடலாம். வெளிமடக்கு, உள்மடக்கு என்ற பெயர்கள் எல்லாருக்கும் ஏற்புதானே?

'முறிவு' என்ற சொல்லை இந்த அதிகாரத்தில் தவிர்க்கப் பார்க்கிறேன். அதைப் படிக்கும் புதியவர், ஒரு சுற்று தோற்றால் மடக்கு அங்கேயே முறியும் என்று நினைப்பார். இங்கே மிச்ச உருப்படிகளும் ஓடி முடியும். அதன் பிறகே பணி தோல்வி என்று குறிக்கப்படும். 'தோற்ற சுற்று' என்று எழுதினால் போதும்.

பணியின் வெளியீட்டை மாறியில் சேமிக்கும் ரெஜிஸ்டர் பற்றிய பத்தியில் ஒரு வரி கூட்டுங்கள்: மடக்கு இருந்தால் வெளியீடு ரிசல்ட்ஸ் என்ற பட்டியலுக்குள், சுற்றுக்கு ஒன்றாக இருக்கும். மடக்கில்லாத பணியில் எழுதுவதுபோல கட்டளை அச்சிட்டதைத் தரும் எஸ்டிடிஅவுட்டை நேராகக் கேட்டால் அப்படியொரு பண்பு இல்லை என்று பிழை வரும்.

பொதி நிறுவும் எடுத்துக்காட்டை எடுத்துவிடலாம். பொதி நிறுவும் ஏபிடி, யம் தொகுதிகள் இரண்டுமே நேம் வரியில் முழுப் பட்டியலையும் ஏற்கும், ஒரே பரிவர்த்தனையில் வேலை முடியும். அங்கே மடக்கு போட்டால் பொதிக்கு ஒருமுறை ஓடி நேரத்தைத் தின்னும். பயனர் கணக்கு உருவாக்கும் பணி இதற்குப் பொருத்தமாக இருக்கும்.

லேபிளுக்கு இன்னும் சொல் அமையவில்லை. பெரிய அகராதி உருப்படி திரையில் முழுசாகக் கொட்டாமல் பெயரை மட்டும் காட்டுவதற்கு அது. 'சுற்றுப்பெயர்' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். மேலானது கிடைத்தால் அனுப்புங்கள்.