புதுப்பிப்பு: போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டில் சூழல் மாறிகள்

முந்தைய பதிவின் சாரம்: டெபியன் லினக்ஸில் ஒரு பேக்கேஜை நிறுவியதும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட், முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக ஓடுகிறது, நிறுவுபவரின் சூழல் மாறிகளும் (நிரல்களுக்குக் கடத்தப்படும் பெயர்-மதிப்பு ஜோடிகள்) கூடவே உள்ளே வரலாம். அதனால் வரும் ஆபத்தைத் தடுக்க ஸ்கிரிப்டில் 'செட் -யூ' கட்டளை போட்டால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

போதாது. வரையறுக்காத மாறியைத்தான் அது பிடிக்கும், காலி மாறியை விட்டுவிடும். கோப்புறை மாறி காலியாக இருக்க, அதன் பின்னே சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்து, கேட்காமலே அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப்' ஓடினால் மொத்த சிஸ்டமும் காலி. மூலக் கோப்புறையான '/'-ஐ அழிக்க விடாத 'பிரிசர்வ்-ரூட்' காப்பும் இங்கே உதவாது: நட்சத்திரத்தை, கட்டளைகளை இயக்கும் ஷெல் முன்பே விரித்து /யுஎஸ்ஆர், /ஹோம் என்று தனித்தனியாகக் கொடுத்துவிடும். நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயரை அடுத்து முக்காற்புள்ளி, கேள்விக்குறி இரண்டையும் போடுங்கள். காலியாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். முக்காற்புள்ளி விடுபட்டால் பழைய கதைதான். என்னைக் கேட்டால், பாதையை ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே நேரடியாக எழுதிவிடுவதே மேல். வெளியிலிருந்து வந்த மதிப்பு அதோடு அழிந்துவிடும்.

'எல்டிகான்ஃபிக் பாத்தில் இல்லை' (அந்த நிரல், கட்டளைகளைத் தேடும் கோப்புறைப் பட்டியலில் இல்லை) என்று பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி புலம்பினால் ஸ்கிரிப்டைத் தோண்ட வேண்டாம். டெபியன் 10 முதல், ரூட்டாக மாறப் போடும் வெறும் 'எஸ்யூ' பழைய பயனரின் பாத்தையே வைத்துக்கொள்கிறது, அதில் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் கோப்புறைகள் இருப்பதில்லை. 'எஸ்யூ -' என்று கோடு சேர்த்தால் சரியாகும்.

நிறுவும்போது கேள்விகள் எப்படிக் கேட்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் டெபியன்_ஃப்ரன்ட்எண்ட் மாறியை, ஒரு கட்டளையை ரூட்டாக ஓட்டும் 'சூடோ'வுக்கு முன்னால் எழுதினால் இயல்பான அமைப்பில் சூடோ அதைக் கழற்றிவிடும். சூடோவுக்குப் பின், பேக்கேஜ் நிறுவும் ஏப்ட் கட்டளைக்கு முன் எழுதுங்கள்.

கடவுச்சொல் கையாளும் ஸ்கிரிப்டில், ஓடும் ஒவ்வொரு வரியையும் அச்சிடும் 'செட் -எக்ஸ்' மறந்தும் இருக்கக்கூடாது. விரித்த மதிப்போடு கடவுச்சொல் வரி ஏப்ட்டின் பதிவுக் கோப்பான டெர்ம்.லாக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.