பொருள்: ‘பில்ட் ஆப்ஷன்’ – கட்டமைவு விருப்பமா, ஆக்கத் தெரிவா? (ஜிடிபி கையேடு)

மடல் 1 – கோவையிலிருந்து

வணக்கம்.

நம் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கான வழுநீக்கிக் கையேட்டில், ஜிடிபி என்ற வழுநீக்கியை (ஓடும் நிரலில் பிழை தேட உதவும் கருவி) மூலநிரலிலிருந்து ஆக்கிக்கொள்ளும் அத்தியாயத்துக்கு வந்திருக்கிறோம். ஆக்கும்போது எந்தெந்த வசதி வேண்டும் என்று சொல்லும் ‘பில்ட் ஆப்ஷன்’ என்பதற்கு வரைவில் ‘கட்டமைவு விருப்பம்’ என்று இருக்கிறது. இரண்டு சொல்லுமே இடறுகின்றன. ‘கட்டமைவு’ என்றால் கணினியின் உள்ளமைப்பு என்று பொருள்கொள்வோர் உண்டு. ‘விருப்பம்’ அதைவிடச் சிக்கல். செயலிகளின் திரையில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பழகியவர், பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றே எடுத்துக்கொள்வார். இங்கே அது நடக்காது.

ஜிடிபியில் மூன்று நிலைகளில் முடிவெடுக்கிறோம். உள்ளே போன பிறகு ‘செட் பேஜினேஷன் ஆஃப்’ என்று தட்டினால் உடனே மாறும். தொடங்கும்போது ‘-க்யூ’ சேர்த்தால் முகப்பு வரிகள் வராது. அடுத்த முறை அதை விட்டுவிடலாம். ஆனால் பைத்தான் மொழி வசதியைச் சேர்க்காமல் ஆக்கிய ஜிடிபியில் ‘பைத்தான்’ என்று தட்டினால், அந்த வசதி இல்லை என்ற பதில்தான் வரும். எந்தக் கட்டளை கொடுத்தும் அதை உள்ளே கொண்டுவர முடியாது, மறுபடி ஆக்கத்தான் வேண்டும்.

ஆகவே மூன்றுக்கும் மூன்று சொல் முன்வைக்கிறேன்: ஓட்ட அமைப்பு, தொடக்கத் தெரிவு, ஆக்கத் தெரிவு. கருத்துச் சொல்லுங்க.

மடல் 2 – சென்னிமலையிலிருந்து

‘தெரிவு’ எனக்குச் சம்மதமுங்க. ‘தேர்வு’ என்று போட்டால் பரீட்சை நினைவுக்கு வரும், அதைத் தவிர்த்தது நல்லது. ‘ஆக்க’ என்பதில்தான் தயக்கம். நம்ம பக்கம் ‘ஆக்கறது’ என்றால் சோறாக்குவதுதான் முதலில் காதில் விழும்.

‘பாவுத் தெரிவு’ என்றால் என்ன? துணிக்கு இத்தனை இழை என்பது பாவு (நீளவாட்டு நூல்) ஓட்டும்போதே முடிவாகிவிடும். தறியில் ஏற்றிய பிறகு குறுக்கே ஓடும் ஊடையைத்தான் மாற்ற முடியும். நீங்கள் சொல்லும் வேறுபாடு இதில் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று: ஆக்கத் தெரிவுகளின் முன்னால் வரும் ‘--எனேபிள்’, ‘--வித்’ இரண்டையும் வரைவில் ‘சேர்’ என்றே எழுதியிருக்கிறது. அவை ஒன்றல்ல.

மடல் 3 – கோவையிலிருந்து

பாவு உவமையை அத்தியாயத்தின் முதல் பத்தியில் அப்படியே வைத்துக்கொள்வோமுங்க. கலைச்சொல்லாக மட்டும் வேண்டாம். தறி பார்க்காத ஊர்க்காரருக்கு முதலில் தறியை விளக்க வேண்டியிருக்கும். மேலும் ‘ஆக்கு’ என்பதிலிருந்து ஆக்கம், மீளாக்கம், ஆக்கக் கோப்புறை என்று குடும்பமே கிளைக்கிறது. ‘பாவு’ ஒற்றையாய் நிற்கும்.

எனேபிள்–வித் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் ஆட்டோகான்ஃப் கருவியின் மரபில் ‘--எனேபிள்’ என்பது மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ஒரு கூறு வேண்டுமா என்பது; திரைமுகத்துக்கான ‘--எனேபிள்-டியுஐ’ அப்படி. ‘--வித்’ என்பது வெளியிலிருக்கும் நிரலகத்தை (‘லைப்ரரி’) துணைக்கு அழைப்பது: ‘--வித்-பைத்தான்’, ‘--வித்-எக்ஸ்பாட்’ (எக்ஸ்பாட் என்பது எக்ஸ்எம்எல் படிக்கும் நிரலகம்). முன்னதற்குக் கூற்றுத் தெரிவு, பின்னதற்குத் துணைத் தெரிவு என்று வைக்கலாம்.

ஆனால் ஜிடிபி இந்த மரபை முழுதும் பின்பற்றவில்லை. ‘--வித்-செபரேட்-டீபக்-டிர்’ எந்த நிரலகத்தையும் அழைப்பதில்லை. வழுநீக்கக் குறிப்புகள் எந்தக் கோப்புறையில் கிடக்கின்றன என்று சொல்வதோடு சரி. இதற்கு இடத் தெரிவு என்ற மூன்றாம் வகை வேண்டும். இதை மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டும்: நிறுவும் இடத்தைச் சொல்லும் ‘--பிரிஃபிக்ஸ்’ஸை ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ என்று விட்டால் ஜிடிபி ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/டீபக்’கில் தேடும். லினக்ஸ் வகைகளான டெபியனும் உபுண்டுவும் குறிப்புகளை ‘/யுஎஸ்ஆர்/லிப்/டீபக்’கில் வைக்கின்றன. ஜிடிபி பழுதின்றி ஆகும், ஓடும், குறிப்புகளை மட்டும் கண்டுகொள்ளாது. ஆக்கும்போதே அந்தப் பாதையைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

இப்போது ‘ஆட்டோ’ என்ற மதிப்பு. வரைவில் ‘தானியங்கி’ என்று இருப்பது தவறான எண்ணம் தரும். எக்ஸ்பாட், பைத்தான் போன்றவற்றுக்கு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், கிடைத்தால் சேர்த்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் ஓர் எச்சரிக்கை வரியோடு தாண்டிப்போகும். ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளில் அது யார் கண்ணிலும் படாது. அதனால் ‘கிடைத்தால்’ என்றே எழுதுவோம். மாணவர் ‘--வித்-எக்ஸ்பாட்=யெஸ்’ என்று வெளிப்படையாகக் கேட்டால், இல்லாதபோது ஆக்கம் பிழையோடு நின்றுவிடும். அது நல்லது.

நிற்கும் இடமும் முக்கியமுங்க. கணினியைச் சோதித்து ஆக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் மேல்மட்டக் ‘கான்ஃபிகர்’ நன்றாக முடிந்துவிடும். ஜிடிபிக்கான உள் கான்ஃபிகர், ஆக்கத்தை நடத்தும் ‘மேக்’ கருவி ஓடும்போதுதான் நடக்கிறது. எனவே பைத்தான் இல்லை என்ற பிழை மேக்கின் நடுவில் வரும். அதன் காரணத்தை ஆக்கக் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஜிடிபி/கான்ஃபிக்.லாக்’கில் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் கான்ஃபிக்.லாக்கில் கிடைக்காது. இன்னொரு கண்ணி: மேல்மட்டக் கான்ஃபிகர் தனக்குத் தெரியாத தெரிவுகளைப் பற்றி எச்சரிப்பதில்லை. ‘பைத்தான்’ என்பதில் ஓர் எழுத்து மாறிப்போனாலும் அது வாய் திறக்காது.

ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர் என்ற கணித நிரலகங்கள் இரண்டும் இன்றைய பதிப்புகளில் கட்டாயம், அவற்றைத் தெரிவு என்று அட்டவணையில் போட வேண்டாம். சி++17 அறிந்த தொகுப்பியும் (ஜிசிசி 9 அல்லது மேல்) அப்படியே. நிரலகம் நிறுவியிருந்தால் போதாது, டெபியனிலும் உபுண்டுவிலும் ‘-டெவ்’ என்று முடியும் பொதியும் வேண்டும். தலைப்புக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன.

மடல் 4 – திருப்பூரிலிருந்து

கூற்று, துணை, இடம் மூன்றும் நன்று. எனக்கு உறுத்துவது ‘பில்ட், ஹோஸ்ட், டார்கெட்’. வரைவில் ஹோஸ்ட் என்பதற்குப் ‘புரவலர்’ என்று இருக்கிறது. இந்த இடத்தில் யாரும் யாரையும் புரப்பதில்லை. நிரலைத் தொகுக்கும் கணினி பில்ட், ஆக்கிய ஜிடிபி ஓடும் கணினி ஹோஸ்ட், ஜிடிபி எந்தக் கணினியின் நிரலை ஆராயுமோ அது டார்கெட். ஆக்குமிடம், ஓடுமிடம், ஆயுமிடம் என்றால் படித்ததும் விளங்கும்.

கோவை மோட்டார் பம்புகளின் கட்டுப்பாட்டுப் பலகையை எடுத்துக்காட்டாக வைக்கலாம். அதில் ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சில்லு என்று கொள்வோம். மடிக்கணினியே ஆக்குமிடமும் ஓடுமிடமும். பலகை ஆயுமிடம். அப்போது ‘--டார்கெட்=ஆர்ம்-நன்-ஈஏபிஐ’ ஒன்று போதும். மடிக்கணினியின் சொந்த நிரல்களையும் அதே ஜிடிபியால் ஆராய வேண்டுமானால் ‘--டார்கெட்’ஐ விட்டுவிட்டு ‘--எனேபிள்-டார்கெட்ஸ்=ஆல்’ கொடுக்க வேண்டும். கோப்பு பெரிதாகும், தொகுக்க நேரமும் கூடும். ஆனால் கல்லூரி ஆய்வகத்துக்கு அதுதான் வசதி.

இந்த எடுத்துக்காட்டில் எக்ஸ்பாட் விட்டுப்போனால் என்ன ஆகும் என்றும் எழுதுங்க. பலகைக்கும் ஜிடிபிக்கும் இடையே நிற்கும் ஓப்பன்ஓசிடி நிரல் 3333ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ஜிடிபி இணைந்ததும் சில்லின் பதிவகப் (‘ரெஜிஸ்டர்’) பட்டியலை எக்ஸ்எம்எல் வடிவில் கேட்கும். படிக்க எக்ஸ்பாட் இல்லையென்றால், எக்ஸ்எம்எல் ஆதரவு ஆக்கும்போதே நீக்கப்பட்டது என்று சொல்லிவிட்டுத் தன் ஊகப் பட்டியலை வைத்துக்கொள்ளும். இரண்டும் பொருந்தாதபோது பதிவகப் பொட்டலத்தின் நீளம் சரியில்லை என்ற பிழை வரும். மாணவர் கம்பியையும் பலகையையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.

மடல் 5 – சென்னிமலையிலிருந்து

‘ஆக்கத் தெரிவு’க்குச் சரி சொல்கிறேனுங்க, மீளாக்கம் என்ற சொல் என்னை மாற்றிவிட்டது. ‘ஆயுமிடம்’ மட்டும் வழுநீக்கிக்குத்தான் பொருந்தும். ஜிசிசியில் டார்கெட் என்பது எந்தக் கணினிக்காக நிரல் உண்டாகிறதோ அது. அங்கே ஆய்வே இல்லை. ‘இலக்கிடம்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

மடல் 6 – கோவையிலிருந்து

இலக்கிடம் என்றே வைத்துக்கொள்வோம். ஆக்குமிடம், ஓடுமிடம் மாற்றமில்லை.

அத்தியாயத்தின் வரிசை இப்படி இருக்கட்டும். மூலக் கோப்புறைக்கு வெளியே தனி ஆக்கக் கோப்புறை. அதிலிருந்து மூலத்தின் மேல்மட்டக் கான்ஃபிகரை அழைப்பது, ஜிடிபி உட்கோப்புறையில் இருப்பதை அல்ல. கிட் களஞ்சியத்திலிருந்து எடுத்தவர்களுக்கு பின்யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பும் கூடவே வரும். அவர்கள் ‘மேக் ஆல்-ஜிடிபி’, ‘மேக் இன்ஸ்டால்-ஜிடிபி’ என்று அழைத்தால் போதும். ஆவணங்களை உண்டாக்கும் ‘மேக்இன்ஃபோ’ இல்லாத கணினியில் ‘மேக்இன்ஃபோ=ட்ரூ’ கொடுத்து ஆவணங்களைத் தாண்டலாம். தெரிவை மாற்றினால் பழைய ஆக்கக் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பழைய கான்ஃபிகரின் சேமிப்பு உட்கோப்புறைகளில் தங்கிக் குழப்பும்.

கடைசிப் படியாக ‘ஜிடிபி --கான்ஃபிகரேஷன்’. எந்தெந்த ஆக்கத் தெரிவுகளோடு அது ஆனது என்று அதுவே பட்டியல் தரும். ‘--வித்அவுட்-எக்ஸ்பாட்’ என்று ஒரு வரி தெரிந்தால், பலகையைத் தொடும் முன்பே மீளாக்கத்துக்குப் போகலாம். அந்த வெளியீட்டை வரிவரியாகத் தமிழில் விளக்கும் அட்டவணையைத் திருப்பூர்க்காரரே எழுதிக் கொடுத்தால் நல்லதுங்க.