‘பேணல் திட்டம்’ என்று போடலாமா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

மெல்பர்னிலிருந்து, திங்கள்

வணக்கம். வெரிபி ஆற்றையொட்டி மனை வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கான துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. விக்டோரியாவின் 2006 பூர்வகுடி மரபுரிமைச் சட்டப்படி, ஆற்றிலிருந்து 200 மீட்டருக்குள் மனைப்பிரிவு போன்ற பெரிய வேலை என்றால், பெரும்பாலும் ‘கல்ச்சுரல் ஹெரிட்டேஜ் மேனேஜ்மென்ட் பிளான்’ வேண்டும். அந்த மண்ணுக்குப் பதிவுபெற்ற பூர்வகுடி அமைப்பு இருந்தால், ஏற்பதும் மறுப்பதும் அதன் கையில். அந்தத் திட்டத்துக்குத் தமிழில் என்ன சொல்?

இன்னொன்று ‘ஸ்கார்ட் ட்ரீ’. ஓடமோ கேடயமோ செய்யப் பட்டையைப் பெயர்த்தெடுத்த மரம். எம்.சி.ஜி. மைதானத்துக்கு கிரிக்கெட் பார்க்கப் போனவர்கள் பக்கத்து யாரா பூங்காவில் கண்டிருக்கலாம். நடுவே வெறும் கட்டை தெரியும். ஓரத்துப் பட்டை உதடுபோலத் தடித்து உருண்டு வரும். ‘தழும்பு மரம்’ என்று எழுதிப் பார்த்தேன், நோய் பிடித்த மரம்போல ஒலிக்கிறது.

திருச்சியிலிருந்து, திங்கள் இரவு

தம்பி, ‘உரிமரம்’ என்க. உரி என்றால் தோல், பட்டை. இராமன் உடுத்தது மரவுரி. அந்த உரியைக் கொடுத்துவிட்டு நிற்பது உரிமரம். உடலோடு ஒட்டிய தோல் உரி, ஒருவனோடு ஒட்டியது உரிமை. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் நெடுநாள் துணிபு. ‘மேலாண்மை’ கம்பெனிச் சொல். ‘மரபுரிமை பேணல் திட்டம்’ என்று போடுங்கள்.

சிட்னியிலிருந்து, செவ்வாய்

ஐயா, உரிமரம் வினைத்தொகை அல்லவா? முக்காலமும் வரும். இனி உரிக்கப்போகிற மரமும் உரிமரம்தானா? மரபுரிமை நல்ல சொல், இலங்கையில் நாங்கள் எப்போதும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் மேலாண்மை என்றால் எங்கட ஆட்கள் வேளாண்மையோ என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது முகாமைத்துவம். மரத்துக்கு ‘வடுமரம்’ போதாதா?

திருச்சியிலிருந்து, செவ்வாய்

முக்காலமும் வரட்டும், ஊறுகாய்க்கு வரவில்லையா? வடு என்றால் பழி என்றும் பொருள். நாவினாற் சுட்ட வடுவைப் போய் அந்த மரத்தின் மேல் ஏற்றாதீர்கள்.

மெல்பர்னிலிருந்து, புதன்

ஐயா, முக்காலம் எனக்கும் பிடித்திருக்கிறது. இன்றும் இங்கே பட்டை எடுத்து ஓடம் செய்கிறார்கள்.

ஆனால் ‘பேணல்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தத் திட்டம் சேதத்தைத் தவிர்க்கச் சொல்லும். தவிர்க்க முடியாதென்றால் எந்த நிபந்தனையோடு சேதம் செய்யலாம் என்றும் சொல்லும். ‘பேணல்’ என்று படிக்கும் குடும்பம், தன் மனைக்கடியில் இருந்ததெல்லாம் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூக்கன் பள்ளத்தாக்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்துபோன பாறைக் குகைகளை 2020 மே மாதம் இரும்புத்தாதுக்காக ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. 4,000 ஆண்டு பழமையான, தலைமுடி பின்னிய இடைக்கச்சையின் துண்டு அங்கேதான் கிடைத்தது; அந்த மண்ணின் பூர்வகுடிகளான இன்றைய பூட்டு குன்டி குர்ராமா, பினிகுரா மக்களோடு அதன் மரபணு ஒத்துப்போனது. இத்தனைக்கும் அந்த மாநிலத்தின் 1972ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் 2013லேயே அனுமதி வாங்கியிருந்தார்கள். தாள் எல்லாம் சரியாக இருந்தது. சட்டம் கொடுக்காத பாதுகாப்பைச் சொல் கொடுப்பதாகக் காட்டக்கூடாது.

அண்ணா, ‘வடுமரம்’ பற்றி ஒரு தயக்கம். 2020 அக்டோபர் 26 அன்று இங்கே விக்டோரியாவில் மேற்கு நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு ஒரு மரத்தை வெட்டினார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஜாப் வுர்ருங் மக்கள் பலருக்கு அது புனித மரம்; பட்டை எடுத்ததால் அல்ல, வழிகாட்டும் மரம் என்பதால். வடு இருந்தால்தான் மரபுரிமை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

சிட்னியிலிருந்து, வியாழன்

அப்படியென்றால் பேணல் வேண்டாம், ஒப்புகிறேன். முகாமைத்துவத்தைச் சாய்கோடு போட்டாவது சேர்த்துவிடுங்கோ, தம்பி.

மெல்பர்னிலிருந்து, வியாழன் இரவு

‘மரபுரிமை மேலாண்மை / முகாமைத்துவத் திட்டம்’, ‘பட்டை எடுத்த தடமுள்ள மரம்’ என்று அனுப்பிவிட்டேன். மரத்துக்கு ஒற்றைச்சொல் அமையவில்லை.

திருச்சியிலிருந்து, வெள்ளி

பேணலை விட்டுக்கொடுத்தேன், தம்பி. உரிமரத்தை விடமாட்டேன். அடுத்த பதிப்பு எப்போது?