1947-க்குப் பிறகான வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

வேளச்சேரி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் நான் படித்த வரலாறு 1947 ஆகஸ்ட் 15-ஆம் நாள் கொடியேற்றத்தோடு நின்றுவிட்டது. இடஒதுக்கீடு, மாநில உரிமை, மொழி என எதைப் பற்றிப் பேச்செழுந்தாலும் அதன் வேர் எங்கே இருக்கிறதென்று எனக்குப் பிடிபடுவதில்லை. பிரதமர்களின் ஆட்சிக்காலங்களை வரிசையாகப் படிப்பதா, வேறு வழி உண்டா?

மயிலாப்பூர் வழக்கறிஞர்:
அம்மா, பிரதமர் வரிசையை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, நம் ஊரில் கிளம்பிய ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, கல்லூரியின் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறிஸ்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்டிருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில், 1951 ஏப்ரலில், அது செல்லாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே கிளர்ச்சி வெடித்தது. முதல் பொதுத்தேர்தல்கூட நடந்திராத நிலையில், அந்த ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கும் 15(4) பிரிவு பிறந்தது. அதே திருத்தம்தான் பேச்சுரிமைக்குப் ‘பொது ஒழுங்கு’ என்ற வரம்பையும் விதித்தது. அதற்கு வழிவகுத்த வழக்குகளில் ஒன்று, ‘கிராஸ் ரோட்ஸ்’ ஏட்டுக்குச் சென்னை அரசு தடை போட்டதால் எழுந்தது. சமூகநீதிக்குக் கதவு திறந்த சட்டமே கருத்துரிமையைக் குறுக்கவும் செய்தது என்பதை, இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் உணர முடியாது.

அண்ணாநகர் ஆசிரியர்:
ஐயா காட்டும் வழி நல்லது. ஆயினும் ஊர் நினைவை மட்டும் நம்பினால் மறுபக்கம் மறைந்துபோகும் என்பது என் கவலை. தனி ஆந்திரம் கேட்டு மயிலாப்பூரில் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். அக்காலத்தைப் பற்றி நமக்கு நினைவிலிருப்பது, சென்னையையும் ஆந்திரத்துக்குக் கேட்டதை எதிர்த்து எழுந்த ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்ற ம.பொ.சி.யின் முழக்கம், தெலுங்கு மக்களுக்கோ ஸ்ரீராமுலு அமரஜீவி, அதாவது சாவில்லாதவர். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலமும், 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்களும் உருவானதை இரு தரப்பு எழுத்துகளிலும் படியுங்கள். நாம் எளிதில் தாண்டிப்போகும் காஷ்மீர், நாகாலாந்து வரலாறுகளையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

எழும்பூர் நூலகப் பித்தன்:
நூல்களுக்குக் கன்னிமாரா இருக்கிறது. அரசியல் நிர்ணய சபை விவாதங்களும் நாடாளுமன்ற விவாதங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வழக்கறிஞர் ஐயா குறிப்பிட்ட திருத்தத்துக்கு, 1951 மே, ஜூன் மாதங்களில் நேருவும், அதை எதிர்த்த சியாமா பிரசாத் முகர்ஜியும் நேருக்கு நேர் வாதிட்ட பக்கங்களை முதலில் எடுங்கள். பிறர் எழுதிய விளக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.